19.3 ஓவரா, 19.5 ஓவரா? மீதியும் தசமமும்

கிரிக்கெட்டில் ஓர் ஓவருக்கு 6 பந்து. 117 பந்துகளை 6 ஆல் வகுத்தால் ஈவு 19, மீதி 3. கால்குலேட்டரில் போட்டால் 19.5. டிவி ஸ்கோர்கார்டிலோ 19.3 ஓவர். மூன்றும் சரியான விடைகள்தான். ஆனால் ஸ்கோர்கார்டில் இருக்கும் அந்தப் புள்ளி தசமப் புள்ளி இல்லை. இந்தப் பக்கம் ஈவு, அந்தப் பக்கம் மீதி என்று பிரித்துக் காட்ட வைத்த புள்ளி அது. பத்திரிகையில் 'காலை 8.20 மணி' என்று அச்சிடுவதும் இப்படித்தான். 500 நிமிடத்தை 60 ஆல் வகுத்தால் 8, மீதி 20. தசமத்தில் எழுதினால் 8.333...

குழப்பிக்கொண்டால் கணக்கு நேராகவே உதைக்கும். ஓர் அணி 19.3 ஓவரில் 156 ரன் எடுத்து ஜெயிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ரன் ரேட் (ஓர் ஓவருக்குச் சராசரி ரன்) கண்டுபிடிக்க 156 ஐ 19.5 ஆல் வகுக்க வேண்டும். சரியாக 8 வரும். பார்த்ததை அப்படியே 19.3 என்று தட்டினால் 8.08 வரும். லீக் போட்டிகளில் இரண்டு அணிகள் ஒரே புள்ளியில் நிற்கும்போது நெட் ரன் ரேட்டின் (அணி எடுத்த ரன் ரேட்டிலிருந்து எதிரணிகளுக்குக் கொடுத்த ரன் ரேட்டைக் கழித்தது) இரண்டாவது, மூன்றாவது தசம இடம்தான் யார் உள்ளே, யார் வெளியே என்று தீர்மானிக்கும். அங்கே 0.08 சின்ன விஷயமே இல்லை.

சரி, இரண்டுக்கும் என்ன உறவு? மீதியை வகுத்தியால் வகுத்தால் தசமப் பகுதி கிடைக்கும்: 3 ÷ 6 = 0.5. தசமப் பகுதியை வகுத்தியால் பெருக்கினால் மீதி திரும்பக் கிடைக்கும்: 0.5 × 6 = 3. மீதி 3 என்பது மூன்று பந்து, 0.5 என்பது அரை ஓவர். இரண்டும் ஒரே அளவுதான், அலகுதான் வேறு. இது மனதில் பதிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

ஒப்பிட வேண்டிய இடத்தில் தசமம்தான் கைகொடுக்கும். மீதி 1 என்று மட்டும் சொன்னால் அது பெரிதா சிறிதா என்றே தெரியாது. 17 ஐ 4 ஆல் வகுத்தாலும் மீதி 1, 8 ஆல் வகுத்தாலும் மீதி 1. முதலாவதில் அது 0.25, இரண்டாவதில் 0.125. கிரிக்கெட்டிலேயே இதற்கு உதாரணம் உண்டு. ஆஸ்திரேலியாவில் 1978-79 சீசன் வரை ஓர் ஓவருக்கு 8 பந்து. அந்தக் கணக்கில் நம்முடைய 117 பந்து 14.5 ஓவர் ஆகிவிடும். அதாவது 14 ஓவர், 5 பந்து. தசமத்தில் 14.625.

துல்லியத்தில் மீதியை அடித்துக்கொள்ள ஆளில்லை. 18.4 ஓவர் என்பது 112 பந்து, சந்தேகமே இல்லை. தசமமாக்கினால் 18.6666... என்று ஓடிக்கொண்டே இருக்கும். எங்கோ ஓரிடத்தில் வெட்டித்தான் ஆக வேண்டும்.

ஏன் அப்படி ஓடுகிறது என்று பார்க்க 22 ஐ 7 ஆல் வகுத்துப் பாருங்கள். ஈவு 3, மீதி 1. இங்கே நிறுத்தினால் அது மீதிக் கணக்கு. நிறுத்தாமல் ஒரு பூஜ்ஜியம் சேர்த்தால் தசமம் தொடங்குகிறது. 10 இல் 7 ஒரு தடவை, மீதி 3. 30 இல் நான்கு, மீதி 2. 20 இல் இரண்டு, மீதி 6. 60 இல் எட்டு, மீதி 4. 40 இல் ஐந்து, மீதி 5. 50 இல் ஏழு, மீதி 1. மறுபடி 1 வந்துவிட்டதால் எல்லாம் முதலிலிருந்து: 3.142857142857... ஏழால் வகுக்கும்போது 1 முதல் 6 வரை ஆறு மீதிகள்தான் இருக்க முடியும் (0 வந்தால் வகுத்தல் அங்கேயே முடிந்துவிடும்). ஆறும் தீர்ந்த பிறகு பழையது வந்துதானே ஆக வேண்டும்? ஆக, சுழல் தசமத்தைச் சுழற்றுவதே மீதிதான். தசமம் படித்த பிறகு மீதியைச் சின்னப் பிள்ளைக் கணக்கு என்று ஒதுக்குவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காததற்குக் காரணம் இதுதான்.

சுற்றி வருகிற விஷயங்களுக்கு மீதி மட்டும் போதும். 365 ஐ 7 ஆல் வகுத்தால் மீதி 1. அதனால்தான் 2025 இல் வெள்ளிக்கிழமை வந்த ஆகஸ்ட் 15, 2026 இல் சனிக்கிழமை வருகிறது. 52.142857 என்ற தசமத்தைப் பார்த்துக் கிழமை சொல்வது கஷ்டம்.

வகுப்பில் '19 மீதி 3' ஐ 19.3 என்று எழுதும் பிள்ளையிடம் விதியை ஒப்பிக்கச் சொல்வதைவிட, இரண்டு இன்னிங்ஸைக் கூட்டச் சொல்லலாம். 19.3 ஓவரும் 18.4 ஓவரும் சேர்ந்தால் எவ்வளவு? தசமமாக நினைத்துக் கூட்டினால் 37.7 வரும். ஆறு பந்து ஓவரில் ஏழாவது பந்து எங்கிருந்து வந்தது என்று பிள்ளையே கேட்கும். அப்புறம் பந்துகளாக மாற்றிக் கூட்டட்டும்: 117 + 112 = 229. ஆறால் வகுத்தால் 38, மீதி 1. ஸ்கோர்கார்டில் 38.1 ஓவர், ரன் ரேட்டுக்கு 38.1667.