கும்பகோணத்தில் சிலிண்டர் பவர் கண்ணாடி வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்: எனக்கு 6,800 ரூபாய் போய்விட்டது

இப்போதுதான் தஞ்சாவூரிலிருந்து வந்து இறங்கினேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். ஆறிவிட்டால் "போகட்டும், நம்ம நேரம்" என்று நானே விட்டுவிடுவேன். கண்ணாடி வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

நான் திருபுவனத்தில் பட்டு நெய்கிறவள். வயது 34. ரொம்ப நாளாகவே தறியில் உட்கார்ந்தால் ஒரு தொல்லை. பாவு இழை (தறியில் நீளவாக்கில் ஓடுவது) தெளிவாகத் தெரிந்தால் ஊடை (குறுக்கே ஓடுவது) கலங்கும். கண்ணைச் சுருக்கி ஊடையைப் பிடித்தால் பாவு இரண்டிரண்டாக நிழலாடும். இரண்டும் ஒரே நேரத்தில் பளிச்சென்று தெரிந்ததே இல்லை. எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன். சாயங்காலம் ஆனால் நெற்றிப்பொட்டில் வலி. ராத்திரி சரபேஸ்வரர் கோயில் பக்கம் போனால் ஒவ்வொரு விளக்கிலிருந்தும் கோடு இழுத்தது மாதிரி வெளிச்சம் நீளும். மாமியார் பொன்னாங்கண்ணிக் கீரை சமைத்துப் போட்டுக்கொண்டே இருந்தார்.

போன மாதம்தான் கும்பகோணத்தில் ஒரு கண் டாக்டரிடம் போனேன். அஸ்டிக்மாடிசம் என்றார். கருவிழி பந்து மாதிரி எல்லாப் பக்கமும் ஒரே வளைவாக இருக்க வேண்டுமாம். எனக்குக் கரண்டியின் முதுகு மாதிரி, நீளவாக்கில் ஒரு வளைவு, குறுக்கே ஒரு வளைவு. அதனால் வெளிச்சம் ஒரே இடத்தில் குவியாமல் இரண்டு இடத்தில் குவிகிறது. "நோய் இல்லம்மா, பிறவி அமைப்பு மாதிரி. கீரையோ சொட்டு மருந்தோ வளைவை மாத்தாது. சரியான கண்ணாடி போட்டா போதும்" என்றார். சோதனைச் சட்டத்தை மாட்டி, கண்ணாடி வில்லையை மெதுவாகத் திருப்பிக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் நின்றது பாருங்கள், சுவரில் இருந்த எழுத்துகள் வெட்டி வைத்தது மாதிரி தெரிந்தன. என் புடவை முந்தானையைத் தூக்கிப் பார்த்தேன். பாவும் தெரிந்தது, ஊடையும் தெரிந்தது. சத்தியமாக அழுகை வந்துவிட்டது.

சீட்டில் இரண்டு கண்ணுக்கும் மைனஸ் 0.50, சிலிண்டர் மைனஸ் 1.50 என்று எழுதினார். அந்த வளைவு வித்தியாசத்தைத் திருத்துகிற பவர்தான் சிலிண்டர். அது எந்தக் கோணத்தில் உட்கார வேண்டும் என்பது அச்சு: வலது கண்ணுக்கு 170, இடது கண்ணுக்கு 10.

அதை எடுத்துக்கொண்டு நேராகப் போன இடம்தான் அந்தக் கடை. பெயர் சொல்லப் போவதில்லை. ஏசி போட்டு, சுவர் முழுக்கக் கண்ணாடிச் சட்டம் அடுக்கி, வாசலில் "இலவச கம்ப்யூட்டர் கண் பரிசோதனை" என்று பலகை வைத்திருக்கும் வகைக் கடை. உள்ளே ஒரு பையன், இருபத்தைந்து வயது இருக்கும். "உக்காருங்கக்கா" என்று நாற்காலி போட்டான், தண்ணீர் கொடுத்தான். சீட்டைப் பார்த்ததும், "தறி வேலையா அக்கா? எங்க அத்தையும் நெசவுதான். உங்களுக்குக் கண்ணுதான்க்கா சோறு போடுது, அதுல கணக்குப் பாக்காதீங்க" என்றான். அந்த ஒரு வார்த்தையில் விழுந்தேன். அவன் நீல நிற டார்ச் லைட் ஒன்றை லென்ஸ் வழியாக அடித்து, வெளிச்சம் அட்டையில் விழவில்லை, லென்ஸ் தடுத்துவிடுகிறது என்று காட்டியதில்கூட நான் அவ்வளவாக மயங்கவில்லை. அத்தை நெசவு என்றான் இல்லையா, அதில்தான்.

சாதா சிலிண்டர் லென்ஸ் 2,500-க்கு இருக்கிறது, ஆனால் கோடு கோடாகப் பார்க்கிற வேலைக்கு ஸ்பெஷல் சிலிண்டர் லென்ஸ்தான் சரி என்றான். சட்டத்தோடு சேர்த்து 6,800 ரூபாய். ஆறு வாரமாகக் கூலியில் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கி, பீரோவில் சேலைக்கு அடியில் வைத்திருந்த பணம். எண்ணிக் கொடுத்தேன். "சீட்டு எங்க சிஸ்டத்துல ஏத்தணும்க்கா, இங்கயே இருக்கட்டும்" என்று வாங்கி வைத்துக்கொண்டான். படம் எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை. பில்லில் "ஃபிரேம் + லென்ஸ் 6,800" என்று மட்டும் இருந்தது. பவர் எதுவும் எழுதவில்லை. அதுவும் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மூன்றாம் நாள் கண்ணாடி வந்தது. தூரத்துப் பஸ் பலகை முன்னைவிடக் கொஞ்சம் தேவலாம். தறியில் உட்கார்ந்தேன். பழைய கதைதான். டாக்டர் அறையில் முந்தானையில் பார்த்த அந்தத் தெளிவு இல்லவே இல்லை.

போன் பண்ணினேன். "பழகப் பழகச் சரியாயிடும்க்கா, பதினஞ்சு நாள் விடாம போடுங்க" என்றான். புதிதாகச் சிலிண்டர் கண்ணாடி போடுகிறவர்களுக்குத் தரை சாய்ந்த மாதிரி இருக்கும், பழகச் சில நாள் ஆகும் என்று டாக்டரே சொல்லியிருந்தார். அதனால் நம்பினேன். பதினைந்து நாளும் தலைவலியோடு நெய்தேன். கரையில் ஜரிகை ஒரு இடத்தில் தப்பியிருக்கிறது, எனக்குத் தெரியவே இல்லை. முதலாளி மடித்துப் பார்த்துக் கூலியில் பிடித்துவிட்டார். அந்தக் கணக்கு தனி.

பதினாறாம் நாள் நேரில் போனேன். மூக்கில் சரியாக உட்காரவில்லை என்று சட்டத்தை நெருப்பில் காட்டி வளைத்துக் கொடுத்தான். ஒன்றும் மாறவில்லை. மறுபடி போனேன். "டாக்டர் எழுதுனதே தப்பா இருக்கும்க்கா" என்றான். அப்படியானால் என் சீட்டைக் கொடு என்றேன். "கஸ்டமர்கிட்டயே குடுத்துடுவோமே, எங்ககிட்ட இல்லியே." நாற்காலி போட்ட பையன், தண்ணீர் கொடுத்த பையன், என் முகத்தைப் பார்க்காமல் சொல்கிறான்! ஓனர் எங்கே என்றால் சென்னை போயிருக்கிறார். ஓனர் நம்பருக்கு அடித்தால் எடுப்பதில்லை. எங்கள் வீட்டுக்காரர் போய் நின்றதும் திடீரென்று ஓனர் உள்ளே இருந்து வந்தார். பில்லின் பின்பக்கத்தைத் திருப்பி, "விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது, போட்டிருக்கு பாருங்க சார். லென்ஸை வெட்டியாச்சு. வேணும்னா 2,000 கட்டுங்க, வேற மாத்தித் தரேன்" என்கிறார். 6,800 கொடுத்ததற்கு மேல் 2,000!

இன்றைக்குக் காலையில் வேலையைப் போட்டுவிட்டுத் தஞ்சாவூர் அரசு மருத்துவமனை கண் பிரிவுக்குப் போனேன். அங்கே சோதித்த பெண், என் தங்கை வயதிருக்கும், என் கண்ணாடியை ஒரு மெஷினில் வைத்துப் பார்த்தாள். லென்சோமீட்டர் என்று பெயர், ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "அக்கா, இதுல சிலிண்டரே இல்ல. ரெண்டும் வெறும் மைனஸ் 1.25" என்றாள். சிலிண்டரில் பாதியை எடுத்துச் சாதாரண பவரோடு கூட்டிவிட்டால் இந்த எண் வருமாம். அப்படிச் செய்தால் தூரம் ஓரளவு தெரியும், ஆள் "ஏதோ தெரியுது" என்று போய்விடுவார். கடையில் கைவசம் இருந்த சாதா லென்ஸை வெட்டிப் போட்டுவிட்டு, ஸ்பெஷல் சிலிண்டர் என்று 6,800 வாங்கியிருக்கிறார்கள். இல்லாத ஒன்றுக்குத்தான் நான் பதினைந்து நாள் பழகியிருக்கிறேன்.

அவளே ஒரு வழி காட்டினாள், வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணாடியைக் கையில் தள்ளிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, லென்ஸ் வழியாகக் கதவு நிலை மாதிரி நேர்க்கோடு ஒன்றைப் பாருங்கள். கண்ணாடியை ஸ்டியரிங் மாதிரி இடமும் வலமும் திருப்புங்கள். சிலிண்டர் இருந்தால் லென்ஸுக்குள் தெரியும் கோடு சாயும், வெளியே இருக்கும் கோட்டோடு சேராமல் கத்தரிக்கோல் மாதிரி விலகும். வெறும் பவர் என்றால் சாயாது. அவள் கண்ணாடியில் சாய்ந்தது. என்னுடையதில் அசையவே இல்லை. அந்த வராண்டாவில் நான் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

இன்னொன்று. அந்தப் பையன் முதல் நாளே "பாப்பாவையும் கூட்டிட்டு வாங்கக்கா, ஃப்ரீ டெஸ்ட்" என்றான். என் மகளுக்கு ஏழு வயது. சின்னப் பிள்ளைக்குச் சொட்டு மருந்து போட்டு டாக்டர்தான் பார்க்க வேண்டும், இந்த வயதில் சிலிண்டரைத் திருத்தாமல் விட்டால் அந்தக் கண் சோம்பேறிக் கண்ணாகவே (பின்னால் கண்ணாடி போட்டாலும் பார்வை முழுசாகத் தெளியாத கண்) நின்றுவிடலாம் என்று இன்றைக்குச் சொன்னார்கள். அவளையும் அங்கே கூட்டிப் போயிருந்தால்? 6,800 ரூபாயை எப்படியாவது நெய்து சம்பாதித்துவிடுவேன்.

சரி, விவரமாக எழுதுகிறேன் என்றேன், முடியவில்லை, கண் எரிகிறது. டாக்டர் சீட்டைப் படம் எடுக்காமல் கடைக்குள் காலை வைக்காதீர்கள். பில்லில் பவர், சிலிண்டர், அச்சு மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். கண்ணாடியை வாங்கும்போதே உங்கள் கண் முன்னால் லென்சோமீட்டரில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அச்சையும் சரிபாருங்கள், 30 டிகிரி தள்ளிப் பொருத்தினால் சிலிண்டர் இருந்தும் பயனில்லையாம். "பழகிடும்" என்று சொன்னால் கதவு நிலையைப் பாருங்கள். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தப்பு. புகாருக்கு நுகர்வோர் உதவி எண் 1915. நான் நாளைக் காலையில் கூப்பிடப் போகிறேன்.

தறியில் முக்கால் புடவை அப்படியே நிற்கிறது, முகூர்த்தத்துக்குக் கொடுக்க வேண்டியது. இன்றைக்கு எழுதிக் கொடுத்த புதுச் சீட்டை வீட்டுக்காரர் போனிலும் என் போனிலும் படம் எடுத்து வைத்தாயிற்று.