ஒரே பொது முகவரி, உள்ளே பல சர்வர்கள்: போர்ட் ஃபார்வர்டிங், ரிவர்ஸ் பிராக்ஸி, விபிஎன்

ஒரு சிறிய அலுவலகத்துக்கு ஒரே ஒரு பொது ஐபி முகவரிதான் இருக்கிறது, உள்ளே 192.168.1.10, 192.168.1.20 ஆகிய இரண்டு கணினிகளில் இரண்டு வலைத்தளங்கள் ஓடுகின்றன. வெளியிலிருந்து வருபவரை உரிய சர்வரிடம் சேர்க்கப் பலரும் முதலில் நாடுவது போர்ட் ஃபார்வர்டிங்கையே; அதாவது, ஒரு குறிப்பிட்ட போர்ட்டுக்கு (சேவையைக் குறிக்கும் எண்ணுக்கு) வருவதை உள்ளே ஒரு கணினிக்குத் திருப்பிவிடும் ரவுட்டர் விதியை.

இதில் ரவுட்டர் பாக்கெட்டின் சேருமிட முகவரியை மட்டும் மாற்றி உள்ளே அனுப்புவதால், மெயிலோ கேமராவோ விளையாட்டு சர்வரோ எதுவானாலும் வேலை நடக்கும். வந்தவரின் உண்மையான ஐபியும் பொதுவாக சர்வரின் லாகில் (பதிவேட்டில்) அப்படியே பதிவாகும். ஆனால் பாதுகாப்பான வலைத்தளங்களுக்குரிய 443-ஆம் போர்ட்டை முதல் சர்வருக்குக் கொடுத்துவிட்டால் இரண்டாவதற்கு 8443 போன்ற வேறொரு எண்தான் மிஞ்சும். அதைப் பயனர் முகவரியோடு சேர்த்துத் தட்டச்சு செய்ய வேண்டும். மேலும், அதே நெட்வொர்க்கில் உள்ள 192.168.1.50 பொது முகவரி வழியாகத் தளத்தைத் திறந்தால், சர்வர் ரவுட்டரைத் தவிர்த்து நேரடியாகப் பதிலளிக்கும். பொது முகவரியிலிருந்து பதிலை எதிர்பார்க்கும் கணினி அதைப் புறக்கணித்துவிடும். பதிலும் ரவுட்டர் வழியாகவே திரும்பும்படி செய்யும் ஹேர்பின் நாட் என்ற விதியை அமைத்தால் இது தீரும்.

வலைத்தளங்களுக்கு என் தேர்வு ரிவர்ஸ் பிராக்ஸியே. 80, 443 ஆகிய இரு வலைப் போர்ட்களையும் என்ஜின்எக்ஸ் அல்லது ஹெச்ஏபிராக்ஸி என்ற பிராக்ஸி மென்பொருள் ஓடும் ஒரே கணினிக்குத் திருப்பிவிட்டால், கோரிக்கையில் உள்ள டொமைன் பெயரைப் பார்த்து அது பிரித்து அனுப்பும். தளங்களின் ஹெச்டிடிபிஎஸ் சான்றிதழ்களையும் ஓரிடத்திலேயே பராமரிக்கலாம். அந்தக் கணினி நின்றால் எல்லாத் தளங்களும் நிற்கும் என்பதும், பின்னால் உள்ள சர்வர்களின் லாகில் பிராக்ஸியின் ஐபி மட்டுமே தெரியும் என்பதும் இதன் குறைகள். பின்னதற்கு, வந்தவரின் ஐபியைக் கோரிக்கையோடு சேர்த்து அனுப்பும் எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் என்ற தலைப்பை (ஹெடரை) பயன்படுத்தலாம். பிராக்ஸியிடமிருந்து வந்தால் மட்டுமே அதை நம்ப வேண்டும்.

எஸ்எஸ்ஹெச், ரிமோட் டெஸ்க்டாப் போன்ற, தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் நிர்வாக வாசல்களை இவ்விரு வழிகளிலும் இணையத்துக்குத் திறந்துவிடக் கூடாது. எஸ்எஸ்ஹெச்சின் போர்ட்டை 22-இலிருந்து 2222 ஆக்கினால் லாகில் இரைச்சல் குறையுமே தவிர, ஸ்கேன் செய்பவர் கண்டுபிடித்துவிடுவார். இவற்றுக்கு விபிஎன் (மறையாக்கப்பட்ட தனி இணைப்பு) வழியே சரி. வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருளுக்கு ஒரே ஒரு யுடிபி போர்ட் போதும். சரியான சாவி இல்லாதவருக்கு அது பதிலே அளிப்பதில்லை.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, ரவுட்டரின் வேன் (WAN, அதாவது இணையப் பக்க) முகவரியைப் பார்த்துவிட வேண்டும். அது 100.64 முதல் 100.127 வரையிலான தொகுதியில் இருந்தால், பொது முகவரியை இணையச் சேவை நிறுவனம் பலருக்குப் பகிர்ந்து கொடுத்திருக்கிறது என்று பொருள். அங்கே உங்கள் ரவுட்டரில் எழுதும் விதி எதுவும் பயன் தராது. நிலையான ஐபி கிடைக்காவிட்டால், பொது முகவரி உள்ள வாடகை விபிஎஸ் (மெய்நிகர் சர்வர்) ஒன்றில் பிராக்ஸியை வைத்து, உள்ளிருந்து அதற்கு வயர்கார்டு இணைப்பை ஏற்படுத்தலாம். இணைப்பு அறுபடாதிருக்க, உள்பக்கக் கணினியில் பெர்சிஸ்டென்ட் கீப்அலைவ் (இடைவிடாது சிறு பாக்கெட் அனுப்பும் அமைப்பு) மதிப்பை 25 விநாடியாக அமைப்பது வழக்கம்.