பிரெஞ்சுக் கடதாசிக்கு இங்கிலிஷ் சொல்: அகராதியா, மெஷினா?

பாரிஸில் சொந்தம் உள்ள மட்டக்களப்பு வீடுகளுக்குப் பிரெஞ்சுக் கடதாசிகள் வந்துகொண்டே இருக்கும்: பிறப்புச் சான்று, வீட்டு வாடகை ஒப்பந்தம், பிள்ளைகளின் படிப்புச் சான்று. கனடா விண்ணப்பத்துக்கு அவை இங்கிலிஷில் வேணும். கடைசி முத்திரை சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளருடையது. அதற்கு முந்திய வரைவு சொந்தக்காரர் வழியாக என்னிடம் வரும். போனில் மெஷின் மொழிபெயர்ப்பு, லிங்குவீ என்ற இணையத் தேடல், கொலின்ஸ்-ரொபேர் என்ற பிரெஞ்சு-இங்கிலிஷ் அகராதி என மூன்றையும் பாவித்துவிட்டு, நான் அகராதியோடு நின்றுவிட்டேன்.

வேகத்தில் மெஷினை அடிக்க ஆளில்லை, அதற்குக் காசும் கொடுக்கத் தேவையில்லை. அதைப் பற்றி வேறென்ன சொல்ல.

என்னை அகராதிப் பக்கம் சாய்த்தது, ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால் சின்ன எழுத்தில் போட்டிருக்கும் துறைக்குறிப்பு: இது சட்டம், இது பள்ளிக்கூடம், இது பேச்சுவழக்கு என்று. வாடகை ஒப்பந்தத்தை எடுங்கள். பிரெஞ்சில் 'பாய்' என்றால் குத்தகை, இங்கிலிஷ் 'லீஸ்'. அதே எழுத்துகளை இங்கிலிஷில் வாசித்தால் 'பெயில்'! அடுத்த வரியில் 'கோசியோன்' வரும். எழுத்தைப் பார்த்து 'கோஷன்' என்று போட்டால் எச்சரிக்கையாகிவிடும். ஆட்கள் பேசும்போது அது முற்பணம், 'டெப்பொசிட்'. சட்டப்படி முற்பணத்துக்கு வேறு பெயர் உண்டு. கோசியோன் என்பது வாடகைக்குப் பொறுப்பு நிற்கும் ஆள், 'கேரண்டர்'. நீதிமன்றத்துக்குப் போனால் அதே சொல்தான் பெயில். நம்முடைய 'பிணை' போலத்தான்: ஆளுக்கும் அதுதான், கோட்டுக்கும் அதுதான். மெஷின் இதில் ஒன்றைத் தூக்கித் தரும், ஏன் என்று சொல்லாது. அகராதி எல்லாவற்றையும் பரப்பி வைத்து, எது எந்த இடத்துக்கு என்று காட்டும்.

படிப்புச் சான்றிலும் இதே கதை. 'லிசான்ஸ்' மூன்று வருடப் பட்டம், 'பாச்சிலர்ஸ் டிகிரி'; எழுத்தைப் பார்த்து 'லைசென்ஸ்' என்று போட்டுவிடக் கூடாது. சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு அவர்கள் 'பெர்மி' என்பார்கள். 'பக்கலோரேயா' நம் உயர்தரம் போன்ற பரீட்சை, பட்டமல்ல. 'கொலேஜ்' பதினொன்றிலிருந்து பதினைந்து வயதுவரையான பள்ளி. பிரெஞ்சு யேசு சபைப் பாதிரிமார் நடத்திய புனித மிக்கேல் கல்லூரி என்ற பள்ளிக்கூடத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு 'கொலிஜ்' என்றே விட்டாலும் உறுத்தாது. கனடாக்காரர் அதைப் பள்ளிக்கூடம் தாண்டிய படிப்பு என்று எடுப்பார். 'லோவர் செகண்டரி ஸ்கூல்' என்று எழுதினால் தொல்லையில்லை.

2009இல் வந்த லிங்குவீ, ஏற்கனவே மொழிபெயர்த்த வசனங்களைப் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். அதைச் செய்தவர்கள்தான் 2017இல் டீப்எல் என்ற மெஷின் மொழிபெயர்ப்பையும் கொண்டுவந்தார்கள். முழுச் சொற்றொடர் மாட்டிக்கொண்டால் லிங்குவீயிடம்தான் போவேன். ஆனால் அங்கே கிடக்கும் வசனம் நல்ல கையால் வந்ததா என்று நாமே நிதானிக்க வேணும்.

கதை, கவிதைக்கு எது தோது என்று கேட்டால் நான் ஆளல்ல. என் கையில் வந்ததெல்லாம் கடதாசிதான்.

அகராதி பாரம், புதிதாக வாங்கினால் விலையும் கடி. லீவுக்கு வரும் ஆளிடம் பழைய பதிப்பொன்று சொல்லிவிடுங்கள். புதுச்சொல் அதில் இராது, அதற்குப் போன் இருக்கிறது.