வெப்சைட் செய்யக் கொடுக்கிறீர்களா? டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

டிசைனரிடம் கலர், லோகோ, எத்தனை பக்கம் என்று பேச உட்காரும் முன் இதைப் படித்துவிடுங்கள். டொமைன் என்பது உங்கள் வெப்சைட்டின் முகவரிப் பெயர்.

எங்கள் தொழிலுக்கு வெப்சைட் செய்தவர் "டொமைனை உங்க பேர்லயே வாங்கிட்டேன் சார்" என்றார். பில்லும் அனுப்பினார். பில்லில் எங்கள் பெயர், பதிவில் அவர் பெயர். வேறு ஆளிடம் பராமரிப்பை மாற்றப் போகிறோம் என்று சொன்ன பிறகுதான் இது வெளியே வந்தது. அதுவரை முதல் ரிங்கிலேயே போன் எடுத்தவர் அதோடு காணாமல் போனார். ஒருவழியாகப் பிடித்தபோது "ரிலீஸ் சார்ஜ்" என்று ஒரு தொகை சொன்னார். மொத்த சைட்டுக்கும் நாங்கள் கொடுத்ததைவிட அது அதிகம்!

டொமைன் அவரிடம் இருந்தால் சைட் மட்டுமல்ல, மெயிலும் அவரிடம்தான். அந்தப் பெயரில் வரும் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்பதும் டிஎன்எஸ் (ஒரு டொமைன் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று காட்டும் பட்டியல்) அமைப்பில்தான் இருக்கிறது. அதுவும் அவர் கையில். பேரம் நடந்துகொண்டிருந்தபோது எங்கள் மெயில் திடீரென்று நின்றது. தற்செயலாம்.

டாட் காம் போன்ற பெயர்களுக்கு ஐகான் (டொமைன் பெயர்களை ஒழுங்குபடுத்தும் சர்வதேச அமைப்பு) விதிப்படி, பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். உங்கள் பெயரில் இருந்தால் ஆத் கோடு (டொமைனை வேறு இடத்துக்கு மாற்றத் தேவையான ரகசியக் குறியீடு) கேட்கலாம், ரெஜிஸ்ட்ரார் (டொமைனைப் பதிந்து தரும் நிறுவனம்) 5 நாளுக்குள் தர வேண்டும். அவர் பெயரில் இருந்தால் ரெஜிஸ்ட்ரார் உங்களிடம் பேசவே மாட்டார். ஹூயிஸில் (டொமைன் பதிவு விவரத்தைக் காட்டும் தேடலில்) தேடிப் பார்த்துச் சரிபார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். 2018-க்குப் பிறகு பெரும்பாலான பதிவுகளில் பெயரை மறைத்துவிடுகிறார்கள். ரெஜிஸ்ட்ரார் கணக்கையே உங்கள் மெயிலில், உங்கள் கார்டில் நீங்களே திறந்துவிடுங்கள். டிசைனருக்கு அனுமதி மட்டும் கொடுத்தால் போதும், பாஸ்வேர்டு வேண்டாம். ஹோஸ்டிங்கும் (சைட் ஃபைல்களை வைக்கும் சர்வர் இடம்) அப்படியே.

இன்னொன்று, வேர்ட்பிரஸ் (எங்கள் சைட் செய்யப்பட்ட மென்பொருள்) லாகின். எங்களுக்குத் தந்தது எடிட்டர் லாகின். கட்டுரை, பக்கம், படம் எல்லாம் மாற்ற முடிந்ததால் சந்தேகமே வரவில்லை. பேக்கப் எடுக்க ஒரு பிளகின் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்) போடப் போனபோதுதான் அந்த மெனுவே இல்லை என்று தெரிந்தது. அட்மினிஸ்ட்ரேட்டர் லாகின் வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். ஃபைல்கள், டேட்டாபேஸ், தீம் (சைட்டின் தோற்றத்தைத் தரும் டிசைன்) லைசென்ஸ் மூன்றும் கைக்கு வந்த பிறகுதான் கடைசித் தவணை என்பதையும் சேருங்கள். காசு கொடுத்து வாங்க வேண்டிய தீம் ஒன்றைத் திருட்டுப் பிரதியாகப் போட்டுவிட்டு அதற்கும் பில் போடுகிறவர்கள் உண்டு. அதற்கு அப்டேட் வராது, உள்ளே மால்வேர் இருந்தாலும் ஆச்சரியமில்லை.

மீட்க வழியே இல்லையா என்றால், யுடிஆர்பி என்று டொமைன் தகராறுகளைத் தீர்க்கும் ஒரு முறை இருக்கிறது. அதில் டிரேட்மார்க் உரிமையையும், எதிராளி கெட்ட எண்ணத்தோடு பதிந்து வைத்திருப்பதையும் நாம்தான் நிரூபிக்க வேண்டும். கட்டணமும் புகார் கொடுப்பவர் தலையில். கணக்குப் பார்த்துவிட்டு வேறு பெயரில் புது டொமைன் வாங்கிவிட்டோம். பழைய முகவரி ஊரெங்கும் எங்கள் விசிட்டிங் கார்டுகளில் இருக்கிறது; அதைத் தட்டினால் இன்னும் அவர் வைத்திருக்கும் பக்கம்தான் திறக்கிறது.