0 ஏ.டி. விளையாட்டில் வரலாற்று நாயகர்களின் முகங்களை மாற்றுவது: நீண்ட காலப் பயன்பாட்டில் தெரிந்தவை

பழங்காலப் பேரரசுகள் மோதும் 0 ஏ.டி. ஒரு திறந்த மூலக் கணினி விளையாட்டு. அதனால் அசோகர், ஹானிபால், பெரிக்ளிஸ் போன்ற நாயகர்களின் உருவப்படங்களை யார் வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். கோப்பைச் சரியான இடத்தில் வைப்பது பத்து நிமிட வேலை. அந்த முகத்துக்குச் சான்று இருக்க வேண்டும், விரல் நுனி அளவுக்குச் சுருங்கிய பிறகும் அது அடையாளம் தெரிய வேண்டும். உழைப்பு முழுவதும் இந்த இரண்டில்தான் போகிறது.

உருவப்படங்கள் எல்லாம் ஆர்ட், டெக்ஸ்சர்ஸ், யுஐ, செஷன், போர்ட்ரெய்ட்ஸ், யூனிட்ஸ் என்று ஒன்றுக்குள் ஒன்றாகப் போகும் அடைவில் (கோப்புறையில்) இருக்கின்றன. விளையாட்டுடன் வரும் பப்ளிக் என்ற ஜிப் கோப்பைத் திறந்தால் இதே அமைப்பைப் பார்க்கலாம். எந்த நாயகருக்கு எந்தப் படம் என்பதைச் சொல்வது சிமுலேஷன், டெம்ப்ளேட்ஸ், யூனிட்ஸ் அடைவில் உள்ள எக்ஸ்எம்எல் கோப்பு. அதன் ஐடென்டிட்டி பகுதிக்குள் ஐகான் என்றொரு வரி இருக்கும். கோப்புப் பெயரை ஊகிக்காமல் அந்த வரியைப் படித்து அப்படியே நகலெடுங்கள். பதிப்புக்குப் பதிப்பு, வார்ப்புருக்கள் எனப்படும் இந்த எக்ஸ்எம்எல் கோப்புகளின் பெயரும் இடமும் மாறியிருக்கின்றன. ஒரே எழுத்து பிசகினாலும் உங்கள் படம் சத்தமில்லாமல் ஒதுக்கப்பட்டு, பழைய முகமே திரையில் நிற்கும். பிழைச் செய்தி எதுவும் வராது.

நீங்கள் மட்டும் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் மாட்ஸ் அடைவுக்குள் (மாட் என்பது விளையாட்டை மாற்றும் கூடுதல் தொகுப்பு) யூசர் என்ற அடைவில் இதே வரிசையை உருவாக்கி, அதே பெயரில் பிஎன்ஜி கோப்பைப் போட்டால் போதும். லினக்ஸில் மாட்ஸ் அடைவு வீட்டு அடைவின் மறைவான லோக்கல், ஷேர், 0ஏடி பாதையில் இருக்கும். விண்டோஸில் டாக்குமென்ட்ஸ், மை கேம்ஸ், 0ஏடி. யூசர் அடைவு மற்ற எல்லா மாட்களுக்கும் மேலாகத் தானாகவே ஏறும் என்பதால் எதையும் இயக்க வேண்டியதில்லை. அதே வசதி பின்னாளில் தொல்லையும் தரும். விளையாட்டைப் புதுப்பித்த பிறகு ஏதாவது விநோதமாகத் தெரிந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது அங்கே மறந்துபோய்க் கிடக்கும் பழைய கோப்புகளைத்தான். நெடுநாள் வைத்திருக்க நினைப்பவர்கள் தனி மாடாகப் பிரித்துவிடுவதே நல்லது.

தனி மாடுக்கு ஒரு மாட்.ஜேசன் கோப்பு தேவை. பெயர், பதிப்பு எண், பட்டியலில் தெரியும் தலைப்பு, விளக்கம், எந்த விளையாட்டுப் பதிப்பைச் சார்ந்தது என்ற வரி ஆகியவை அதில் இருக்க வேண்டும். கடைசி வரிக்குப் பின் ஒரு காற்புள்ளி மிச்சமிருந்தாலும் மாட் பட்டியலில் வராது. விண்டோஸில் கோப்பின் பின்னொட்டு மறைந்திருப்பதால் மாட்.ஜேசன்.டிஎக்ஸ்டி என்று சேமித்துவிட்டுக் காரணம் புரியாமல் தேடுபவர்கள் ஏராளம். சார்பு வரியில் சமக்குறியுடன் 0.0.26 என்று எழுதினால் 27ஆம் பதிப்பு வந்த அன்றே உங்கள் மாட் பொருந்தாதது ஆகிவிடும். படங்களை மட்டும் மாற்றும் மாடுக்கு 'இதற்குச் சமம் அல்லது மேல்' என்ற குறியே போதும்.

பலர் சேர்ந்து ஆடுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆட்டத்தில் சேரும் எல்லோரிடமும் ஒரே மாட்கள் இருக்கின்றனவா என்று விளையாட்டு சரிபார்க்கும். படங்களை மட்டும் மாற்றும் மாட் ஆட்டத்தின் கணக்கைத் தொடாது என்பதால், பொருத்தச் சோதனையில் தன்னைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று சொல்லும் வரியை மாட்.ஜேசனில் ட்ரூ என்று வைக்கலாம். ஆனால் எக்ஸ்எம்எல் வார்ப்புருவில் கை வைத்தபின் இந்த வரியைச் சேர்க்கவே கூடாது. ஆட்டம் நடுவில் ஒத்திசைவு இழந்து எல்லோருடைய நேரமும் வீணாகும். ஐகான் வரியைத் திருத்தாமல் அதே பெயரில் படத்தை மேலெழுதச் சொல்வது இதற்காகத்தான்.

இனி படம். அளவு 256க்கு 256 பிக்சல். சேமிக்கும்போது 8 பிட் ஆர்ஜிபி அல்லது ஆர்ஜிபிஏ பிஎன்ஜியாக இருக்க வேண்டும். 16 பிட் ஆழமோ, கிம்ப் என்ற படத் திருத்தியில் கோப்பைச் சிறிதாக்க மாற்றும் இண்டெக்ஸ்டு வண்ண முறையோ ஆகாது. படம் ஏறாது, லாக்ஸ் அடைவின் மெயின்லாக் பக்கத்தில் பிழை பதிவாகும். 512 பிக்சலில் வைத்தால் தெளிவு கூடும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. சுருக்காத நிலையில் 256 பிக்சல் படம் நினைவகத்தில் 256 கேபி எடுக்கிறது, 512 பிக்சல் படம் 1 எம்பி. திரையில் அது காட்டப்படும் இடமோ இரண்டையும்விட மிகச் சிறியது. கூடுதல் பிக்சலால் பயனில்லை.

ஒரே படம் பயிற்சிப் பொத்தானிலும், தேர்வுப் பலகத்திலும், நாயகர்களுக்கான சிறு பொத்தானிலும், கட்டடங்களையும் அவை தருபவற்றையும் பட்டியலிடும் கட்டட மரத்திலும் வருகிறது. பயிற்சிப் பொத்தானில் அது எப்போதும் இயல்பான நிறத்தில் இருக்காது. தொழில்நுட்பம் கைவராதபோது சாம்பல் நிறமாகும், வளம் போதாதபோது சிவப்பு படரும். எனவே முகத்தைப் பின்னணியிலிருந்து பிரிப்பதை வண்ணத்திடம் விடாதீர்கள். வெளிச்சமும் இருளும் அதைச் செய்யட்டும். சோதிக்க எளிய வழி: கிம்ப்பில் படத்தின் நகலைச் சாம்பல் நிறமாக்கி 48 பிக்சலுக்குச் சுருக்கிப் பாருங்கள். கண்ணும் தாடைக்கோடும் தெரிந்தால் தேறியது. முகவாய் முதல் நெற்றி வரை படத்தின் உயரத்தில் ஏறக்குறைய 60 சதவீதத்தை நிரப்புவது நல்ல அளவு. மார்பு வரை காட்டும் படங்கள் பெரிய திரையில் அழகாக இருந்தும் பொத்தானில் தோற்பது இதனால்தான். மெல்லிய தாடி இழைகள், சங்கிலிக் கவச வளையங்கள் எல்லாம் சுருங்கும்போது இரைச்சலாகிவிடும். அவற்றை முன்கூட்டியே மழுக்கிவிடுங்கள்.

இந்த வேலையில் மனம் ஒன்றிப்போகும் இடம் முகத்தைத் தேடுவது. தாலமி வம்சத்து முதல் தாலமிக்கு நாணயங்களே போதும்: வளைந்த மூக்கு, முன்தள்ளிய முகவாய், தலைப்பட்டை என்று ஒரு மனிதரே எழுந்து வருகிறார். ஆனால் நாணயப் படத்தை அப்படியே ஒட்டினால் பொத்தானில் ஒரு உலோகத் தகடுதான் தெரியும். பக்கவாட்டு முகத்தை வழிகாட்டியாக வைத்து வரைய வேண்டும். பெரிக்ளிஸுக்கு வத்திக்கானிலும் பிரிட்டிஷ் மியூசியத்திலும் ரோமானியப் பளிங்குப் பிரதிகள் உள்ளன. மேலே தள்ளிய தலைக்கவசம் சிறிய அளவிலும் அவரைக் காட்டிக்கொடுக்கும். பளிங்குச் சிலைகளின் பொதுக் குறை கண்கள்: ஒருகாலத்தில் தீட்டிய வண்ணம் போய்விட்டதால் கருவிழி இருக்காது. அதை வரைந்து சேர்க்காவிட்டால் நாயகர் பார்வையற்றவர் போலத் தெரிவார்.

ரோமானியத் தளபதி மார்செல்லஸ் கி.மு. 208இல் இறந்தார். அவர் தலை பொறித்த வெள்ளி தெனாரியஸ் நாணயத்தை கி.மு. 50இல் ஒரு வழித்தோன்றல் அச்சிட்டார். குடும்ப நினைவு என்ற அளவில் ஏற்கலாம். அசோகருக்கு வடகர்நாடகத்தில் சன்னதிக்கு அருகே கனகனஹள்ளித் தூபியின் சிற்பப் பலகை கிடைத்திருக்கிறது. அதில் 'ராய அசோகோ' என்று பிராமியில் பெயரே பொறித்திருக்கிறது. அவர் காலத்துக்குச் சில நூற்றாண்டுகள் பிந்தியது என்பதால் முகச்சாயலுக்குச் சாட்சியாகாது. ஆனால் தலைப்பாகையையும் காதணிகளையும் அதிலிருந்து தயங்காமல் எடுக்கலாம். திரைப்பட நடிகர் சாயலில் வரையப்படும் அசோகர்களைவிட இது எவ்வளவோ மேல். பண்டைய பிரிட்டன் அரசி பௌதிக்காவுக்கு உருவம் எதுவுமில்லை. ரோமானிய வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ எழுதிய வர்ணனை உண்டு: இடை தாண்டும் செம்பட்டை முடி, கழுத்தில் தடித்த பொன் வளையம், பல வண்ண ஆடை. அந்தப் பொன் வளையத்தைப் பெரிதாக வரையுங்கள். 48 பிக்சலில் அவரை அடையாளம் காட்டுவது அதுதான்.

ஒரு நாகரிகத்தின் மூன்று நாயகர்களையும் ஒரே கையால், ஒரே ஒளித் திசையில் செய்வது அவசியம். ஒருவர் பளிங்குப் புகைப்படம், இன்னொருவர் ஓவியம், மூன்றாமவர் விளையாட்டின் அசல் படம் என்று கலந்தால் சில ஆட்டங்களிலேயே கண்ணை உறுத்தும். விளையாட்டு ஓடும்போதே கோப்பை மேலெழுதினால் புதிய படத்தை அது தானாக ஏற்றிக்கொள்ளும் என்பதால், கிம்ப்பும் விளையாட்டும் அருகருகே திறந்திருக்க ஒளியைச் சரிசெய்யலாம்.

புதிய நாயகரையே சேர்ப்பது வேறு அளவிலான வேலை. வார்ப்புரு எழுத வேண்டும், முப்பரிமாண உருவம் வேண்டும், அவரைப் பயிற்றும் கட்டடத்தின் பட்டியலிலும் பெயர் சேர வேண்டும். 26ஆம் பதிப்பு முதல் அந்தப் பட்டியல் ட்ரெய்னர் பகுதியில் இருக்கிறது. பழைய வழிகாட்டிகள் சொல்லும் புரொடக்‌ஷன் கியூவில் தேடினால் கிடைக்காது.

பிறருக்குக் கொடுக்கும்போது, விளையாட்டை இயக்கும் பைரோஜெனசிஸ் நிரலை ஆர்க்கைவ்-பில்டு கட்டளையுடன் ஓட்டி ஜிப்பாக்குங்கள். படங்கள் முன்பே மாற்றப்பட்டிருப்பதால் அவர்கள் கணினியில் முதல் ஆட்டம் தாமதிக்காது. விளையாட்டின் சொந்தப் படத்தைத் திருத்தியிருந்தால் சிசி பை-எஸ்ஏ உரிமத்தின்படி உங்கள் படத்தையும் அதே உரிமத்தில், மூலக் கலைஞர்களைக் குறிப்பிட்டே வெளியிட வேண்டும். அருங்காட்சியகப் படங்களில் நியூயார்க்கின் மெட் (மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம்) 2017 முதல் சிசி0 உரிமத்தில் தருபவை எந்த நிபந்தனையுமின்றிப் பயன்படும். மற்றவற்றுக்கு ஒவ்வொரு படத்தின் உரிமத்தையும் தனித்தனியே பார்த்து, மாடுக்குள்ளேயே ஓர் உரைக் கோப்பில் எழுதி வையுங்கள்.