கண்ணாடி பேக்கிங் பாத்திரத்தில் இறுகிய கறை: எது பெயர்க்கிறது, எது வெறும் நுரை?

ஓவனில் பலமுறை வெந்த கண்ணாடிப் பாத்திரத்தின் மூலைகளிலும் கைப்பிடிக்கு அடியிலும் தேன் நிறத்தில் ஒரு படலம் படிந்திருக்கும். சுரண்டிப் பார்த்தால் நகம்தான் தேயும். அது இப்போது வெறும் எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. சூட்டில் எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகி, மரத்துக்கு அடிக்கும் வார்னிஷ் மாதிரி ஆகிவிட்டது. பாத்திர சோப்பு அதன்மேல் வழுக்கிக்கொண்டு போவது அதனால்தான்.

எல்லோரும் முதலில் சொல்வது சமையல் சோடாவும் வினிகரும். புஸ்ஸென்று பொங்கும்போது ஏதோ பெரிய வேலை நடக்கிற மாதிரிதான் இருக்கும். உண்மையில் காரமும் அமிலமும் ஒன்றையொன்று தீர்த்துக்கட்டிவிட்டு, கொஞ்சம் உப்புத் தண்ணீரை மிச்சம் வைக்கின்றன. வினிகரைத் தனியாக எடுத்து வையுங்கள். கடினநீர் விட்டுப்போகும் வெள்ளைப் படலத்துக்கு அது நன்றாகக் கேட்கும். எண்ணெய்க் கறைக்குக் கேட்காது.

சமையல் சோடாவை மட்டும் குழைத்துப் பூசித் தேய்ப்பது பரவாயில்லை. அதன் காரம் குறைவு, காரத்தைக் காட்டும் பிஹெச் எண் 8 சொச்சம்தான். மெல்லிய மணல் மாதிரி உரசித்தான் அது வேலை செய்கிறது. கண்ணாடியைவிட மென்மையானது என்பதால் கீறாது. போன வாரக் கறை என்றால் போதும். இரண்டு வருடக் கறை என்றால் தோள்பட்டை கழன்றுவிடும்.

என் ஓட்டு வாஷிங் சோடாவுக்கு. பெயரில் ஒற்றுமை இருந்தாலும் இது வேறு பொருள்: சோடியம் கார்பனேட், பிஹெச் 11 அளவில் இருக்கும். இறுகிய எண்ணெயை உடைக்க அந்தக் காரம் வேண்டும், அவகாசமும் வேண்டும். பிளாஸ்டிக் டப்பில் வெந்நீர், அதில் அரை கப் சோடா, பாத்திரம் முழுதும் மூழ்கும்படி ஓர் இரவு. பாத்திரத்துக்குள் மட்டும் ஊற்றி வைத்தால் வெளிப்பக்கக் கறை அப்படியே இருக்கும். நிறைய பேர் கோட்டை விடுவது இங்கேதான். காலையில் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வந்திருக்கும். மூலையில் ஸ்பாஞ்சை வைத்து இழுத்தால், வெயிலில் காய்ந்த தோல் உரிவதுபோல் படலம் சுருண்டு வரும். கையுறை அவசியம். அலுமினியப் பாத்திரத்தில் ஊறவைக்க வேண்டாம், காரம் அதை அரித்துவிடும். டிஷ்வாஷர் மாத்திரை இருந்தால் ஒன்றைக் கரைத்தாலும் ஏறக்குறைய இதே பலன்தான்.

ஓவன் கிளீனர் இன்னும் வேகம். அதில் பெரும்பாலும் இருப்பது காஸ்டிக் சோடா. தோலையும் கண்ணையும் புண்ணாக்கும், நெடி வேறு. ஊறவைத்தும் அசையாத கறைக்கு மட்டும், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு.

கம்பி நாரைத் தொடாதீர்கள். அவசரத்தில் ஒருமுறை தேய்த்தேன். கறை போனது, வெளிச்சத்தில் பிடித்தால் சிலந்திவலை மாதிரிக் கீறல்கள். கண்ணாடி விரிசல் விட ஆரம்பிப்பதும் அந்த மாதிரி கீறல்களில்தான். தட்டையான அடிப்பகுதிக்கு, ஈரம் இருக்கும்போது பிளேடைச் சாய்த்துத் தள்ளலாம். மூலைக்கு அது உதவாது.

அப்புறம், சூடாக இருக்கும் பாத்திரத்தில் குளிர்ந்த நீரை ஊற்றாதீர்கள். 1915-இல் வந்த பைரெக்ஸ் பிராண்டு பாத்திரங்கள் போரோசிலிகேட் என்ற வகைக் கண்ணாடி. இன்று கிடைப்பவற்றில் பல சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி. சூட்டில் அது போரோசிலிகேட்டைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு விரியும், அதனால் திடீரென்று குளிர்ந்தால் உடைந்துவிடலாம்.

என் பாத்திரத்தின் அடியில் புடைத்திருக்கும் எழுத்துகளின் இடுக்கில் இன்னும் கொஞ்சம் பழுப்பு இருக்கிறது. உணவு படாத இடம்தானே என்று விட்டுவிட்டேன்.