என்ட்ரோபியை எங்கிருந்து தொடங்குவது: ஐஸ் பெட்டியா, மூலக்கூறா?

வெப்ப இயக்கவியலில் முதல் விதி வரை பிள்ளைகள் தைரியமாக வந்துவிடுவார்கள். உள்ளே போன வெப்பம், வெளியே செய்த வேலை, மிச்சம் உள்ளாற்றல். வரவு செலவு மாதிரி கணக்கு நேராகப் போகும். எது தானாக நடக்கும், எது நடக்காது என்று சொல்லும் இரண்டாம் விதியில், அதை அளக்கும் என்ட்ரோபி என்ற அளவு வந்ததும்தான் திணறல். அந்த இடத்தைத் தாண்ட இரண்டு வழிகள் உண்டு. வெப்பத்தையும் வெப்பநிலையையும் மட்டும் வைத்துக்கொண்டு போவது கார்னோவும் கிளாசியஸும் போட்ட வழி. மூலக்கூறுகள் எத்தனை விதமாக அமையலாம் என்று எண்ணிப் போவது போல்ட்ஸ்மன் வழி. ராமநாதபுரம் கரையோரத்து மாணவருக்கு எதை முதலில் சொல்வது?

முதல் வழிக்கு வேண்டிய பொருள் பாம்பனிலும் தொண்டியிலும் மீன் இறங்கும் இடத்திலேயே கிடக்கிறது. 0 டிகிரியில் இருக்கும் 1 கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் வேண்டும். கைமாறும் வெப்பத்தைக் கெல்வின் வெப்பநிலையால் வகுத்தால் வருவதுதான் என்ட்ரோபி மாற்றம். 0 டிகிரி என்பது 273 கெல்வின், அதனால் வகுத்தால் ஐஸுக்குக் கூடிய என்ட்ரோபி கெல்வினுக்கு 1,223 ஜூல். அந்த வெப்பத்தைக் கொடுத்த காற்று 30 டிகிரியில், அதாவது 303 கெல்வினில் இருக்கிறது. அது இழந்தது 1,102. கூட்டிக் கழித்தால் 121 மிச்சம். இதையே திருப்பிப் போட்டு, உருகிய தண்ணீர் வெயிலில் தானாக உறைவதாக வைத்துக்கொண்டால் 121 குறைய வேண்டும். மொத்த என்ட்ரோபி அப்படிக் குறையாது என்பதுதான் இரண்டாம் விதி. ஒரு வகுத்தல், ஒரு கழித்தல், அவ்வளவுதான் கணிதம்.

இந்த வழிக்கு இன்னொரு பலமும் உண்டு. கார்னோ எழுதியது 1824-இல். கிளாசியஸ் என்ட்ரோபி என்று பெயர் வைத்தது 1865-இல். அணு என்று ஒன்று உண்டா என்பதே அப்போது தீராத விவாதம். பொருள் எதனால் ஆனது என்று தெரியாமலே இந்த விதி நிற்கிறது. வழுதூர் எரிவாயு மின் நிலையத்தில் டர்பைனிலிருந்து வெளிவரும் சூடான புகையை வீணாக்காமல், அதைக் கொண்டு நீராவி உண்டாக்கி இன்னொரு டர்பைனைச் சுற்றுகிறார்கள். அதில் எவ்வளவு வேலை எடுக்க முடியும் என்ற உச்ச வரம்பைச் சொல்ல இரண்டு வெப்பநிலைகள் போதும்.

குறை என்னவென்றால், என்ட்ரோபி ஏன் கூடுகிறது என்று கேட்டால் இந்த வழியிடம் பதில் இல்லை. அந்தப் பதில் போல்ட்ஸ்மனிடம் இருக்கிறது. 1877-இல் அவர் என்ட்ரோபியை, மூலக்கூறுகள் அமையக்கூடிய விதங்களின் எண்ணிக்கையோடு ஒரு மடக்கையால் (log) இணைத்தார். நம் 121 ஜூலைப் போல்ட்ஸ்மன் மாறிலியால் வகுத்தால் சுமார் 9 பெருக்கல் 10-இன் 24-ஆம் அடுக்கு வரும். அது மடக்கைதான். அமைப்பு விதங்களின் எண்ணிக்கை எத்தனை மடங்கு பெருகியது என்று பார்க்க, 2.718-ஐ அந்த எண்ணுக்கு அடுக்காகப் போட வேண்டும். வெயிலில் தண்ணீர் தானாக ஐஸ் ஆவதை மூலக்கூறுகளின் இயக்க விதி எதுவும் தடுக்கவில்லை, அதற்கான வாய்ப்புதான் இல்லை என்னும் அளவுக்குச் சிறியது. இயற்பியலில் இதைவிட அழகான விளக்கத்தை நான் பார்த்ததில்லை.

ஆனாலும் தொடக்க மாணவருக்கு இதை முதலில் கொடுக்க மாட்டேன். சேர்மானக் கணக்கு, மடக்கை, எல்லா அமைப்புக்கும் சம வாய்ப்பு என்ற அனுமானம் என்று மூன்று சுமை ஒரே நேரத்தில் ஏறுகிறது. நாலு நாணயம் சுண்டுவதோடு வகுப்பு நின்றுவிடும். ஐஸ் கட்டி வரை வந்து சேராது. அப்புறம், என்ட்ரோபி என்றால் வெறும் கலைசல் என்று மனதில் ஒட்டிக்கொள்ளும். அந்த நினைப்போடு வாலிநோக்கம் உப்பளத்தைப் பார்க்கிற பிள்ளை குழம்பத்தான் செய்யும். கலங்கிய உவர்நீரிலிருந்து ஒழுங்கான படிகம் விளைகிறதே, விதி உடைந்ததா? உடையவில்லை. வெயிலையும், காற்றில் கலந்துபோன நீராவியையும் சேர்த்துக்கொண்டால் மொத்தம் கூடித்தான் இருக்கும். ஆனால் எதையெல்லாம் சேர்க்க வேண்டும் என்ற அந்தப் பழக்கம் முதல் வழியில்தான் வருகிறது.

தமிழ்நாட்டுப் பதினோராம் வகுப்புப் புத்தகம் வெப்ப இயக்கவியலை முதலிலும், மூலக்கூறுகளை வைத்துப் பேசும் வாயுக்களின் இயக்கவியற் கொள்கையை அடுத்தும் வைத்திருக்கிறது. சரியான வரிசை. பி.எஸ்சி. முதல் ஆண்டுக்கும் அதுவே பொருந்தும். ஒன்று மட்டும்: எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வை நினைப்பவர்கள் இரண்டாம் வழியை அடுத்த வருஷத்துக்குத் தள்ளக் கூடாது, அதே பருவத்தில் தொட்டுவிட வேண்டும்.

முதல் வழியிலும், என்ட்ரோபி மிச்சமே இல்லாமல் ஓடும் கற்பனை எஞ்சினான கார்னோ சுழற்சியின் நாலு படிகளை எடுத்ததும் கரும்பலகையில் வரைய வேண்டாம். ஐஸுக்கு வெப்பம் கொடுப்பது காற்று அல்ல, 30 டிகிரியில் பெட்டிக்குள் போட்ட மீன் என்று மாற்றிக் கொடுங்கள். மீனின் தன்வெப்பம் கிலோவுக்கு, ஒரு டிகிரிக்கு சுமார் 3.6 கிலோஜூல். அப்படியானால் 1 கிலோ ஐஸ் ஏறக்குறைய 3 கிலோ மீனை 0 டிகிரிக்குக் கொண்டுவரும். மீனின் வெப்பநிலை இறங்கிக்கொண்டே இருப்பதால் ஒரே எண்ணால் வகுக்க முடியாது, சிறு சிறு படியாக வகுத்துக் கூட்ட வேண்டும், அதாவது தொகையிட வேண்டும். மீன் இழப்பது சுமார் 1,161 ஜூல் என்று வரும். மிச்சம் 121 அல்ல, 62 தான். அதே ஐஸ், அதே 334 கிலோஜூல். பின் ஏன் பாதியானது என்று கேளுங்கள். மீன் ஆற ஆற வெப்பநிலை இடைவெளி சுருங்குகிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் போதும். இடைவெளியே இல்லாமல் வெப்பத்தைக் கடத்தினால் மிச்சம் எவ்வளவு என்பதை அடுத்த கேள்வியாக வையுங்கள். கார்னோ அங்கேதான் நிற்கிறார்.